திரையில் கிடைத்த பெயர், கடையில் நின்ற சட்டை: லோரன் கொன்ராட் பற்றி யாழ்ப்பாணத்துத் தையல் வகுப்புக்கான ஒரு நிகழ்வு ஆய்வு

2009 ஆம் ஆண்டில், அமெரிக்கத் தொலைக்காட்சியால் பெயர் பெற்ற லோரன் கொன்ராட்டுக்கு 23 வயது. அந்த ஓராண்டுக்குள் அவர் நான்கு காரியங்களைச் செய்தார். தன் பெயரில் நடத்திவந்த முதல் ஆடை வரிசையை நிறுத்தினார். நிஜ வாழ்க்கையைக் காட்டுவதாகச் சொல்லி அமெரிக்க இளையோர் விடாமல் பார்த்துக்கொண்டிருந்த தொலைக்காட்சித் தொடரிலிருந்து விலகினார். ஒரு நாவல் வெளியிட்டார். அது நியூயோர்க் டைம்ஸின் அதிக விற்பனைப் பட்டியலில் ஏறியது. ஒக்டோபரில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள் கொண்ட கோல்ஸ் கடைகளுக்காகப் புதிய ஆடை வரிசையொன்றைத் தொடங்கினார். முதல் வரிசை ஓராண்டளவே தாக்குப்பிடித்தது. இரண்டாவது பத்தாண்டுகளைத் தாண்டியும் ஓடியது. இரண்டிலும் இருந்தது ஒரே பெண்ணின் பெயர்தான். ஒன்று விழ, மற்றது ஏன் நின்றது என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

கலிபோர்னியாக் கடற்கரையில் வளர்ந்த பெண்ணின் கதை எங்களுக்கு எதற்கு என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். 2019 இல் தமிழ் பிக் பாஸ் மூன்றாம் பருவத்தில் இலங்கையிலிருந்து லொஸ்லியாவும் தர்ஷனும் கலந்துகொண்டபோது, இங்கே வீடு வீடாக இரவுச் சாப்பாட்டு நேரமே மாறியது. 2022 இல் யாழ்ப்பாணத்து ஜனனி அதே வீட்டுக்குள் போனார். 2023 இல் அரியாலைச் சிறுமி கில்மிஷா சரிகமப மேடையில் வென்றபோது ஊரே கொண்டாடியது. சென்னைத் தொலைக்காட்சியின் வெளிச்சம் பலாலி வீதிவரை வந்து விழும் காலம் இது. அந்த வெளிச்சம் கிடைத்தாலும் சரி, கைப்பேசிக் காணொளிகளால் சிறிய அளவில் ஒரு பெயர் கிடைத்தாலும் சரி, அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கும் எங்கள் பிள்ளைகளின் வாயில் முதலில் வருவது உடைக்கடை. சாறி, சாறிச் சட்டை, மணப்பெண் அலங்காரம். ஆசை நியாயமானது. ஆனால் அந்த ஆசையில் வீட்டார் வங்கியில் அடகு வைத்த நகையும் வெளிநாட்டு அண்ணன் அனுப்பிய பணமும் சேர்ந்துவிடுகின்றன. அதனால்தான் இந்த வழியில் முன்னே போன ஒருவரின் கணக்கை வரிவரியாகப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

கமராவின் முன்னால்

கொன்ராட் 1986 பெப்ரவரி 1 ஆம் திகதி பிறந்தவர். தந்தை கட்டடக் கலைஞர், வசதியான குடும்பம். இந்த வசதியை ஒரு வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிடக் கூடாது, பின்னால் திரும்ப வருவேன். 2004 இல் எம்.டி.வி. என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி அவரது ஊரான லகுனா பீச்சின் உயர்தரப் பாடசாலை மாணவர்களைப் பின்தொடர்ந்து ஒரு தொடரைத் தொடங்கியது. முதல் பருவத்தில் கதை சொல்லும் குரலே அவருடையது. நண்பர்கள் அவரை 'எல்.சி.' என்று அழைத்தார்கள்; பார்த்த இளம்பெண்களும் அப்படியே அழைத்தார்கள். அந்த இரண்டெழுத்து பிற்காலத்தில் எங்கே போய் ஒட்டிக்கொண்டது என்பதைக் கவனியுங்கள்.

2006 மே மாதத்தில் 'த ஹில்ஸ்' என்ற அடுத்த தொடர் தொடங்கியது. லொஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்து, ஆடை வடிவமைப்புக் கல்லூரியில் சேர்ந்து, 'டீன் வோக்' சஞ்சிகையில் பயிற்சிப் பணியாளராக வேலை பார்க்கும் இளம்பெண்ணாக அவர் அதில் தோன்றினார். பார்வையாளருக்குக் காதலும் சண்டையும் தெரிந்தன. வடிவமைப்பு படிக்கிற பிள்ளைகள் அந்தக் காட்சிகளின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். உடைப் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, விருந்தினரின் இருக்கைகளை ஒழுங்குபடுத்துவது, மேடைக்குப் பின்னால் மொடல்களின் உடைகளுக்கு ஊசி குத்திவிடுவது போன்ற வேலைகளில்தான் ஒரு தொழில் உள்ளே எப்படி நடக்கிறது என்பது புரியும்.

முதல் பருவத்தின் முடிவில் அவருக்குப் பாரிஸில் ஒரு கோடைகாலம் வேலை செய்யும் வாய்ப்பு வந்தது. அவர் போகவில்லை, காதலனோடு மலிபு கடற்கரை வீட்டில் கோடையைக் கழிக்கத் தீர்மானித்தார். சஞ்சிகையின் மேற்குக் கரை ஆசிரியர் லிசா லவ், இனி இந்தப் பெண் பாரிஸுக்குப் போகாதவள் என்றே அறியப்படுவாள் என்ற கருத்தில் சொன்னது தொடரிலேயே ஒளிபரப்பானது. ஒரு பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளையின் தவறான முடிவு மில்லியன் கணக்கானோர் முன் பதிவாகிவிட்டது. அடுத்த பருவத்தில் அவர் அதே அலுவலகத்துக்குத் திரும்பிப் போய் அதே மேசையில் வேலை செய்தார். பிறகு ஒரு பருவத்தில் அதே சஞ்சிகையின் வேலையாகப் பாரிஸுக்கும் போனார். வெட்கப்பட்டு ஒதுங்கிக்கொள்ளாமல் திரும்பி வந்தாரே, அந்தக் குணத்தை 2009 இல் மறுபடியும் பார்க்கப் போகிறோம்.

முதல் வரிசை

2008 மார்ச்சில் லொஸ் ஏஞ்சல்ஸ் ஆடை வாரத்தில் 'லோரன் கொன்ராட் கலெக்ஷன்' மேடையேறியது. முழுப்பெயர் பெயர்ச்சீட்டில் இருந்தது. உடைகள் பூட்டிக் எனப்படும் சிறிய, விலை கூடிய கடைகளுக்குப் போயின. தொடர் அப்போது உச்சத்தில் இருந்தது. ஒவ்வொரு வாரமும் இலவச விளம்பரம். புதிதாகத் தொழிலுக்கு வரும் எந்த வடிவமைப்பாளருக்கும் கிடைக்காத வசதி அது. இருந்தும் விற்பனை எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. 2009 இல் அந்த வரிசை நிறுத்தப்பட்டது.

2008 செப்டம்பரில் லீமன் பிரதர்ஸ் வங்கி சரிந்து அமெரிக்காவில் பொருளாதார நெருக்கடி முற்றியதைக் காரணமாகச் சொல்லலாம். அந்தக் காலத்தில் உடைக்கடைகள் பலவும் அடிவாங்கின. அது உண்மை, ஆனால் பாதி உண்மை என்பது என் தீர்ப்பு. அதே நெருக்கடி முடியாத காலத்தில்தான் அவருடைய இரண்டாவது வரிசை ஓடத் தொடங்கியது.

பிழை வேறொரு இடத்தில் இருந்தது. தொடரைப் பார்த்தவர்கள் யார்? நாடு முழுவதும் சிறிய நகரங்களில் இருந்த பாடசாலை, கல்லூரி மாணவிகள். பூட்டிக்கில் வாங்குபவர்கள் யார்? பெருநகரத்தில் வேலை பார்க்கும், ஒரு சட்டைக்கு நிறையக் கொடுக்கத் தயாராக இருக்கும் பெண்கள். பார்த்தவளுக்கு வாங்க வசதியில்லை. வாங்க வசதியுள்ளவளுக்கு, அதே விலையில் அதே கம்பியில் பெயர்பெற்ற வடிவமைப்பாளர்களின் உடை தொங்கியது; தொலைக்காட்சிப் பெண்ணின் பெயரைத் தோளில் போட்டுக்கொள்ள அவளுக்குத் தனிக் காரணம் எதுவும் இருக்கவில்லை. புகழ் ஒரு கூட்டத்திடம் இருந்தது, பணம் இன்னொரு கூட்டத்திடம் இருந்தது. இரண்டும் சந்திக்கிற கடை அதுவல்ல.

கோல்ஸ்

கோல்ஸ் விஸ்கொன்சின் மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கடைத்தொகுதி. புறநகர்களில், கார் நிறுத்த இடத்தோடு இருக்கும் பெரிய கடைகள். தள்ளுபடிச் சீட்டோடு தாய்மார் வருவார்கள். துவாய், படுக்கை விரிப்பு, கணவனின் காற்சட்டை, மகளின் சட்டை எல்லாம் ஒரே தள்ளுவண்டியில் ஏறும். லகுனா பீச்சின் பெண்ணுக்கு இது கௌரவக் குறைவு என்று அன்றைக்குச் சிலருக்குத் தோன்றியிருக்கும். அவரைத் தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளை தாயோடு வருகிற கடை அதுதான். 2009 ஒக்டோபரில் 'எல்.சி. லோரன் கொன்ராட்' அங்கே தொங்கத் தொடங்கியது. பாடசாலைத் தோழிகள் கூப்பிட்ட அதே இரண்டெழுத்து பெயர்ச்சீட்டின் முன்பக்கத்துக்கு வந்துவிட்டது.

இந்த வகை ஒப்பந்தம் எப்படி இயங்குகிறது என்பதை எங்கள் பிள்ளைகள் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இங்கே இப்படியொரு வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. பெயருக்குரியவர் துணி வாங்குவதில்லை, தொழிற்சாலை நடத்துவதில்லை, கடை வாடகை கட்டுவதில்லை. தன் பெயரையும் ரசனையையும் நேரத்தையும் தருகிறார்: நிறங்களைத் தெரிவு செய்கிறார், மாதிரிகளைப் பார்த்து ஏற்கிறார் அல்லது திருப்பியனுப்புகிறார், விளம்பரத்தில் நிற்கிறார். கடையின் வடிவமைப்புக் குழு வெட்டுருவங்களை, அதாவது துணியை வெட்டுவதற்கான மாதிரி வடிவங்களை, வரைகிறது. கடை உற்பத்திக்கும் இருப்புக்கும் பணம் போடுகிறது. விற்பனையில் ஒரு வீதம் பெயருக்குரியவருக்குப் போகிறது. எடுத்துக்காட்டாக, 5,000 ரூபாய்க்கு விற்கும் சட்டையில் நூற்றுக்கு ஐந்து என்று பேசியிருந்தால் கையில் வருவது 250 ரூபாய். சொந்தக் கடையில் அதே சட்டைக்கு இதைவிடக் கூட நிற்கும் என்று பிள்ளைகள் உடனே கணக்குப் போடுவார்கள். சரிதான், சட்டை விற்றால். விற்காமல் அலுமாரியில் கிடக்கும் நாற்பது சட்டைகளின் செலவு ஒப்பந்தக்காரரின் தலையில் விழாது. சொந்தக் கடைக்காரரின் தலையில்தான் விழும்.

பிறகு அந்த வரிசை சட்டைகளோடு நிற்கவில்லை. செருப்பு, நகை, படுக்கை விரிப்பு, பெரிய அளவு உடைகள் என்று கிளைவிட்டது. டிஸ்னி பாத்திரங்களை வைத்தும் தொகுப்புகள் வந்தன. 2015 செப்டம்பரில் கோல்ஸுக்காகச் செய்த சிறப்புத் தொகுப்பொன்று நியூயோர்க் ஆடை வாரத்தில் மேடையேறியது. 2008 இல் மேடையிலிருந்து கடைக்குப் போகப் பார்த்தவர், இம்முறை கடையில் ஆறு ஆண்டுகள் நின்ற பிறகே மேடைக்குப் போனார்.

ஒரு கேள்வியை மறைக்க நான் விரும்பவில்லை: இப்படி வேலை செய்பவரை வடிவமைப்பாளர் என்று சொல்லலாமா? வெட்டுமேசையில் நின்று கத்தரிக்கோல் பிடிப்பவர்தான் வடிவமைப்பாளர் என்றால், பெரிய நிறுவனங்களில் பெயர்பெற்ற பலரும் அந்த வரம்புக்குள் வரமாட்டார்கள். எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்ற தீர்ப்பும் வடிவமைப்பின் பகுதிதான். ஆனால் அந்தத் தீர்ப்பு சொல்ல, தைத்த சட்டையை உள்ளே புரட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கொன்ராட்டுக்குக் கல்லூரியும் சஞ்சிகை அலுவலகமும், தோற்றுப்போன முதல் வரிசையும் அந்தக் கண்ணைக் கொடுத்திருந்தன.

விலகிய நேரம்

2009 மே 31 ஆம் திகதியோடு அவர் 'த ஹில்ஸ்' தொடரை விட்டார். தொடர் அவர் இல்லாமல் 2010 ஜூலை வரை போனது. கடைசி அத்தியாயத்தின் கடைசிக் காட்சியில், முன்னாள் காதலியை வழியனுப்பிவிட்டு நிற்கும் இளைஞனுக்குப் பின்னால் ஹொலிவுட் மலை தெரிகிறது. திடீரென அந்த மலை நகர்கிறது. அது சக்கரத்தில் வைத்த ஒரு பெரிய திரைச்சீலை. ஆட்கள் அதைத் தள்ளிக்கொண்டு போக, படப்பிடிப்புத் தளத்தின் வெறும் தரை தெரிகிறது. எது நிஜம், எது ஒழுங்குபடுத்தியது என்று ஆண்டுக்கணக்கில் சண்டையிட்ட பார்வையாளருக்குத் தொடர் தானே கொடுத்த பதில் அது.

அந்தத் திரைச்சீலை நகர்ந்தபோது கொன்ராட் அங்கே இல்லை. அவருடைய உடைகள் ஏற்கெனவே கடைகளில் தொங்கிக்கொண்டிருந்தன. 2019 இல் பழைய ஆட்களைச் சேர்த்துத் தொடரைப் புதுப்பித்தபோதும் அவர் சேரவில்லை. பெயர் உச்சத்தில் இருக்கும்போது கமராவை விட்டு விலகுவது எவ்வளவு கடினம் என்பதை, ஒரு காணொளிக்குப் பத்தாயிரம் பேர் விருப்பம் தெரிவித்த பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். அதன் பிறகு அவர் தொடங்கிய இரண்டு முயற்சிகளில் தன் பெயரே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 2011 இல் தொடங்கிய, சற்று விலை கூடிய வரிசைக்கு 'பேப்பர் கிரவுன்' என்று பெயர். 2013 இல் ஹன்னா ஸ்கவார்லாவோடு சேர்ந்து இலாபநோக்கற்ற அமைப்பாகத் தொடங்கியது 'த லிட்டில் மார்க்கெட்'. பல நாடுகளின் கைவினைஞர்களிடம், பெரும்பாலும் பெண்களிடம், பொருட்களை வாங்கி விற்கும் நியாய வர்த்தக முயற்சி அது.

இந்தக் கடைசி முயற்சிதான் யாழ்ப்பாணத்துக்கு மிக அருகில் வருகிறது. எங்களிடம் 1978 இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது. பனையின் இளம் ஓலையான சார்வோலையை வெளுக்கவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, சாயமிட்டுக் கைப்பையும் பெட்டியும் இழைக்கும் பெண்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கும் பொருள் விற்ற பிறகுதான் காசு. ஓலைக்கும் சாயத்துக்கும் முதலில் கைக்காசு போட வேண்டும், பிறகு காத்திருக்க வேண்டும். நியாய வர்த்தக நெறியில், கைவினைஞர் கேட்டால் குறைந்தது பாதிப் பணத்தை வட்டியில்லாமல் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். தொலைக்காட்சியாலோ காணொளியாலோ பெயர் பெற்ற எங்கள் பிள்ளை ஒருத்தி அந்த ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொண்டு பத்துப் பெண்களின் பைகளை ரொறன்ரோவில் விற்றுக்கொடுத்தால், அவள் திறக்க நினைக்கும் உடைக்கடையைவிட அது பெரிய காரியம்.

கஸ்தூரியார் வீதியில் நின்று பார்த்தால்

கொன்ராட்டின் வழியை அப்படியே இங்கே எடுத்துவர முடியாது. பெயருக்கு வீதம் கொடுக்கும் ஆயிரம் கிளைக் கடைத்தொகுதி வடக்கில் இல்லை. முதல் வரிசை விழுந்தபோது அவரைத் தாங்கத் தொடரின் வருமானமும் குடும்ப வசதியும் இருந்தன. எங்கள் பிள்ளைக்கு அடகு வைத்த நகை இருக்கிறது. முன்பு திரும்ப வருவேன் என்று சொன்னது இதைத்தான். அவர் ஓராண்டு தோற்றுவிட்டு எழும்பியதை ஊக்கக் கதையாக மேடைகளில் சொல்பவர்கள் இந்த வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இங்கே பொருந்துவது, பார்ப்பவர் யார், பணம் கொடுப்பவர் யார் என்ற கேள்வி. யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் காணொளியைச் சென்னையில் பார்க்கிறார்கள், இலண்டனில் பார்க்கிறார்கள், ரொறன்ரோவில் பார்க்கிறார்கள். கஸ்தூரியார் வீதியில் கடை திறந்தால் அங்கே வந்து விலை கேட்பவர் கோண்டாவில் அம்மா. மகளின் சாமத்தியவீட்டுக்குச் சாறி எடுக்க வந்தவர். அவருக்கு அந்தக் காணொளி தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். எப்படியும் அவர் புகழுக்கு ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுக்க மாட்டார். பார்வையாளரும் வாங்குபவரும் ஓரிடத்தில் சேரும் நாட்கள் இங்கே ஆண்டில் ஒரு முறை வருகின்றன: ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் அதையொட்டிய கலியாண நாட்களும். வெளிநாட்டு உறவுகள் அப்போதுதான் வந்திறங்குகிறார்கள். தேருக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று, கலியாணவீட்டுக்கு ஒன்று என்று சட்டை தைக்கக் கொடுக்கிறார்கள். நவீன சந்தைப் பக்கத்துத் தையல்காரர்களுக்கு அந்த வாரங்களில் நித்திரையே இல்லை.

இன்னொரு இடமும் பொருந்துகிறது. அதைப் பற்றி நீளமாகவே பேச வேண்டும்: அளவு.

எங்கள் ஊரில் சாறிச் சட்டை அளவுச் சட்டை கொடுத்துத்தான் தைக்கப்படுகிறது. வாடிக்கையாளர் தனக்குப் பிடித்த பழைய சட்டையைக் கொண்டுவருவார். தையல்காரர் அதை மேசையில் விரித்து, தோள், மார்பு, கைக்குழி, கைச்சுற்று, முன்கழுத்து, பின்கழுத்து என்று நாடாவால் எடுப்பார். அனுபவமுள்ளவர் அதோடு நிற்க மாட்டார். சட்டையைப் புரட்டிப் பக்கத் தையலைப் பார்ப்பார். அங்கே ஒரு தரம் பிரித்த அடையாளம் இருந்தால், உடம்பு போட்டிருக்கிறது, இந்த அளவு இனிப் போதாது என்று கேட்காமலே விளங்கிக்கொள்வார். அரை அங்குலம் கூட வைத்து வெட்டுவார், உள்ளே பிரிக்கத் துணியும் விட்டு வைப்பார். ஒருவர் உடம்புக்கு ஒரு சட்டை என்ற இந்த வேலையில் எங்கள் கைகள் உலகத் தரம். ஆனால் பெயர்ச்சீட்டு ஒட்டி விற்கும் வரிசைக்கு இந்தத் திறமை மட்டும் போதாது. அங்கே உடம்பு முன்னால் நிற்பதில்லை. நடுத்தர அளவொன்றுக்கு வெட்டுருவம் செய்து, அணிவித்துத் திருத்தி, அதிலிருந்து சிறிய, பெரிய அளவுகளுக்கு ஏற்றி இறக்க வேண்டும். மார்பு இரண்டு அங்குலம் கூடினால் தோளும் இரண்டு அங்குலம் கூடாது. கைக்குழி வேறு வீதத்தில் ஆழமாகும். எல்லாப் பக்கமும் ஒரேயளவு கூட்டி வெட்டினால் பெரிய அளவுச் சட்டையில் தோள் வழுகி விழும். இணையத்தில் ஒரு முறை வாங்கியவர் மறுமுறை வராமல் போவது பெரும்பாலும் இந்தத் தோளில்தான்.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. வடக்குப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே தைக்கிறார்கள். இலங்கை ஆடைகளின் மிகப் பெரிய தனிச் சந்தை அமெரிக்கா. அந்நாட்டுக் கடைகளுக்காக வேகமாகவும் பிசகாமலும் தைக்கத் தெரிந்தவர்கள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். அளவேற்றிய வெட்டுருவம் மட்டும் வேறெங்கோ செய்யப்பட்டு அவர்கள் கைக்கு வருகிறது. அந்த நடுப்படியைச் செய்யத் தெரிந்த ஒரு பிள்ளை யாழ்ப்பாணத்தில் உருவானால், அவளுக்குத் தொலைக்காட்சிப் புகழ் தேவைப்படாது. புகழ் உள்ள பிள்ளைதான் அவளைத் தேடி வர வேண்டியிருக்கும்.

கொன்ராட்டிடமிருந்து நாம் எடுக்க வேண்டியது தன்னம்பிக்கை என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். அவள் எழுதியதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2008 இலும் அவருக்குத் தன்னம்பிக்கை இருந்தது. 2009 இல் மாறியவை கடையும் விலையும், இருப்புச் செலவு யார் தலையில் என்பதும். இந்த மூன்றையும் தாளில் எழுதிவிட்டு, பிறகு தன்னம்பிக்கை கொள்ளலாம்.

இந்தப் பருவ வகுப்புக்கான செய்முறை வேலை இதையொட்டியே அமைகிறது. ஒரே வெட்டில் சாறிச் சட்டை, ஐந்து அளவுகளில், இரண்டு நிறங்களில். ரெடிமேட் சட்டைக்கு ஒரு மூலை ஒதுக்கித் தரச் சம்மதிக்கும் துணிக்கடை ஒன்றில், விற்பனையில் வீதம் பேசி, நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் வைக்க வேண்டும். பெயர்ச்சீட்டில் யாருடைய பெயரும் வேண்டாம், அளவு மட்டும் போதும். எது எந்த அளவில் போனது, எது தோள் சரியில்லை என்று திரும்பி வந்தது, வாங்கியவர்களில் யார் தீர்த்தத்துக்கு முன் இன்னொன்று கேட்டு வந்தார் என்று ஒரு கொப்பியில் எழுதி, புரட்டாசி முதல் வாரத்தில் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும்.